எலும்பை உடைத்தது யார்?



ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் வந்தால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கறிக்கடை வாசலில் கூட்டம் நிற்கும். கடைக்காரர் புளியமரக் கட்டையின் மேல் ஆட்டுக்காலை வைத்து, கத்தியை ஓங்கி ஒரே போடு போடுவார். எலும்பு இரண்டாகும். கட்டைக்குக் கீழே ஒரு நாய், கண்ணை எடுக்காமல் காத்திருக்கும். ஒரு துண்டு தவறி விழுந்தால் போதும், கவ்விக்கொண்டு சந்துக்குள் ஓடிவிடும். மற்ற எலும்புகள் வீடுகளுக்குப் போகும். குழம்பில் வெந்து, நல்லியை உறிஞ்சி எடுத்தபின் மறுபடியும் தெருவுக்கு வரும். அங்கே அதே நாய்!

இந்த எலும்புத் துண்டுகளில் சில மண்ணில் புதைந்து போகின்றன என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகள் கழித்து ஓர் ஆராய்ச்சியாளர் அவற்றைத் தோண்டி எடுக்கிறார். ஆடும் இல்லை, கடையும் இல்லை, நாயும் இல்லை. கையில் இருப்பது உடைந்த எலும்பு மட்டுமே. “இதை உடைத்தது யார்?” என்று அவர் கேட்டால், என்ன பதில் கிடைக்கும்?

வேடிக்கைக் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். ஆதி மனிதனைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் பல செய்திகள் இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தான். பதில் தவறாகப் போனால் மனித இனத்தின் மேலேயே பழி விழும். அப்படி ஒரு தடவை விழுந்தும் இருக்கிறது.

ரேமண்ட் டார்ட் என்ற அறிஞரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1924-ல் தென் ஆப்பிரிக்காவில் கிடைத்த டாங் குழந்தையின் மண்டையோட்டை ஆராய்ந்து, அது மனிதனின் முன்னோடி இனத்தைச் சேர்ந்தது என்று முதன்முதலில் சொன்னவர் அவர். சாதாரண சாதனை அல்ல. பிற்காலத்தில் அவர் மகபன்ஸ்காட் என்ற சுண்ணாம்புக்கல் குகையிலிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகளைச் சேர்த்தார். அவற்றின் வயது ஏறக்குறைய 25 முதல் 30 லட்சம் ஆண்டுகள்.

அவற்றை எண்ணிப் பார்த்தபோது ஒரு விந்தை தென்பட்டது. விலங்கின் முன்னங்காலில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே உள்ள எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழ்முனைகள் குவியலில் ஏராளமாக இருந்தன. மேல்முனைகளோ ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஓர் எலும்புக்கு இரண்டு முனைகளும் இருந்தாக வேண்டுமல்லவா? மேல்முனைகள் எங்கே போயின? யாரோ வேண்டிய பகுதியை மட்டும் பொறுக்கிக் குகைக்குள் கொண்டு வந்திருக்க வேண்டும் என்றார் டார்ட். கீழ்முனை கனமானது, கதாயுதம் போலப் பிடித்து அடிக்கலாம். தாடை எலும்பு ரம்பம், கொம்பு குத்துவாள். ஆக, நம் மூதாதை எலும்பையே ஆயுதமாக்கிக் கொன்று தின்ற வேட்டைக்காரன் என்று 1957-ல் எழுதினார்.

இந்தக் கருத்து காட்டுத்தீ போலப் பரவியது. 1961-ல் ராபர்ட் ஆர்ட்ரே என்ற நாடக ஆசிரியர் இதை வைத்துப் புத்தகமே எழுதினார். மனிதனின் இரத்தத்திலேயே கொலை வெறி இருக்கிறது, அதனால்தான் போர்கள் ஓயவில்லை என்ற எண்ணம் படித்தவர்களிடையே வேரூன்றியது. 1968-ல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற விண்வெளித் திரைப்படம், குரங்கு மனிதன் எலும்பை ஆயுதமாக ஓங்கும் காட்சியைக் காட்டியது. எல்லாவற்றுக்கும் ஆதாரம் என்ன? காணாமற்போன மேல்முனைகள்!

சி. கே. பிரெய்ன் என்ற இன்னொரு தென் ஆப்பிரிக்க விஞ்ஞானிக்கு இதில் சந்தேகம் வந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? 1960-களில் நமீப் பாலைவனத்தில், குயிசெப் ஆற்றங்கரைச் சிற்றூர்களுக்குப் போனார். அங்குள்ள மக்கள் ஆடு மேய்ப்பவர்கள். அவர்கள் ஆட்டை அறுப்பதையும், எலும்பைக் கல்லால் தட்டி நல்லியை எடுப்பதையும், மீதியை நாய்களுக்குப் போடுவதையும் உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஊரைச் சுற்றிக் கிடந்த எலும்புத் துண்டுகளைப் பொறுக்கி எண்ணினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். அவற்றில் முன்னங்கால் எலும்பின் கீழ்முனைகள் 82. மேல்முனை ஒன்றுகூட இல்லை.

அந்த ஊர்க்காரர்கள் யாரும் கதாயுதம் செய்யவில்லை. மேல்முனைகளை நாய்கள் தின்றுவிட்டன, அவ்வளவுதான். காரணம் எலும்பிலேயே இருக்கிறது. கீழ்முனை ஆட்டுக்குட்டி ஒரு வயதை எட்டும் முன்பே தண்டுடன் இணைந்து கெட்டியாகிவிடும். மேல்முனை இணைவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். அதுவரை அது மெத்தென்று, கொழுப்பு ஊறிய கடற்பஞ்சு போல இருக்கும். நாய் எதை விரும்பும் என்று நாய் வளர்ப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

மகபன்ஸ்காட் எலும்புகளைப் பெரும்பாலும் சேர்த்தவை கழுதைப்புலிகள் என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் கருத்து. பிரெய்ன் அத்துடன் நிற்கவில்லை. சுவார்ட்கிரான்ஸ் என்ற குகையில் கிடைத்த ஒரு சிறுவனின் மண்டையோட்டில் இரண்டு துளைகள் இருந்தன. சிறுத்தையின் கீழ்த்தாடைக் கோரைப் பற்களை வைத்துப் பார்த்தார், கச்சிதமாகப் பொருந்தின. டார்ட் கண்ட டாங் குழந்தையையும் பெரிய கழுகு ஒன்று தூக்கிச் சென்றிருக்கலாம் என்று 1995-ல் லீ பெர்கரும் ரான் கிளார்க்கும் எழுதினார்கள். கொலைகாரன் என்று குற்றம் சாட்டப்பட்டவன் பல நேரங்களில் இரையாகத்தான் இருந்திருக்கிறான்! 1981-ல் வந்த தம் நூலுக்கு பிரெய்ன் வைத்த தலைப்பே, வேட்டையாடியவர்களா, வேட்டையாடப்பட்டவர்களா என்ற கேள்விதான்.

டார்ட் முட்டாள் அல்லர். எண்ணினார், அளந்தார், வெளியிட்டார். அவர் எண்ணி வைத்ததனால்தான் பிரெய்னால் சரிபார்க்க முடிந்தது. அவர் செய்த பிழை ஒன்றே: மனிதனைத் தவிர வேறு யாரும் இதைச் செய்திருக்க முடியுமா என்று கேட்பதற்கு முன்பே மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். உடைந்த எலும்பு கிடைத்தால் முதலில் நாயைச் சந்தேகப்படு, பிறகு கழுதைப்புலியை, முள்ளம்பன்றியை, மிதித்துப்போன மாட்டை, உருட்டிச் சென்ற வெள்ளத்தை. மனிதனைக் கடைசியில் சந்தேகப்படு. இந்த வரிசையைப் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். இராபர்ட் புரூஸ் பூட் 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்தையும் கண்டார். அங்கே 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் நடத்திய அகழாய்வின் முடிவு 2011-ல் வெளிவந்தது. கற்கருவிகளின் வயது குறைந்தது 10 லட்சம் ஆண்டுகள், சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள்! ஆனால் எலும்பு? ஆயிரக்கணக்கான கற்கருவிகளுக்கு நடுவே மிகச் சில விலங்குப் பற்களும், குளம்புச் சுவடுகளும்தான் மிஞ்சின. அந்த மனிதர்களின் எலும்பு ஒன்றுகூட இல்லை.

ஏன் என்று அறிய ஒரு சோதனை செய்யுங்கள். கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கழுவி, வினிகரில் ஊறப்போடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். ஒரு வாரத்தில் எலும்பு ரப்பர் போல வளையும். எலும்புக்கு விறைப்பைத் தருவது கால்சியம் பாஸ்பேட் உப்பு. அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது. நம் நாட்டில் பல இடங்களில் மண்ணும் மழைநீரும் இதே வேலையை மெதுவாகச் செய்கின்றன. வெயிலும் நுண்ணுயிரிகளும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன.

ஆகவே பழைய எலும்பைத் தேடுபவர்கள் சுண்ணாம்புக்கல் குகைகளை நாடுகிறார்கள். அங்கே அமிலம் எலும்பைத் தொடுமுன் சுண்ணாம்பே அதை முறித்துவிடும். தென்னிந்தியாவில் அப்படிப்பட்ட இடம் ஆந்திரத்தின் கர்நூல் வட்டாரக் குகைகள். 1844-லேயே நியூபோல்ட் என்ற படை அதிகாரி இவற்றைப் பற்றி எழுதினார். 1880-களின் நடுவில் பூட்டும், அவர் மகன் ஹென்றியும் பில்லசர்கம் குகைகளைத் தோண்டினார்கள். மூட்டை மூட்டையாக எலும்புகள் வந்தன. ரிச்சர்ட் லிடெக்கர் என்ற விலங்கியல் அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1886-ல் பட்டியல் வெளியிட்டார். பலவற்றில் மனிதன் செதுக்கிய அடையாளம் தெரிகிறது, அம்பு முனையும் ஊசியும் குத்தூசியும் இருக்கின்றன என்று பூட் நம்பினார்.

இங்கேயும் நம் கேள்வி காத்திருக்கிறது. லிடெக்கரின் பட்டியலைப் புரட்டினால் அதில் முள்ளம்பன்றியும் இருக்கிறது. முள்ளம்பன்றி எலும்பைக் குகைக்கு இழுத்துவந்து கொறிக்கும் பழக்கம் உடையது. பல் தேயவும் உப்புச் சத்து கிடைக்கவும் அப்படிச் செய்கிறது. அது கொறித்த எலும்பில் உளியால் இழுத்தது போல அகலமான பள்ளங்கள் வரிசையாக விழும். முனை கூராகிவிட்டால் கருவி போலவே தோன்றும். பூட்டின் கருவிகள் எல்லாம் முள்ளம்பன்றியின் வேலை என்று நான் சொல்லவில்லை. 1970-களில் எம். எல். கே. மூர்த்தி அதே வட்டாரத்தில் முச்சட்ல சிந்தாமானு கவி என்ற குகையைத் தோண்டியபோது கல் அலகுகளுடன் எலும்புக் கருவிகளும் கிடைத்தன. அங்கே மனிதன் இருந்தான், எலும்பைச் செதுக்கினான் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே விசாரணை நடந்தாக வேண்டும். பத்துப் பேர் நின்ற இடத்தில் ஒருவன் திருடன் என்பதால் பத்துப் பேரும் திருடர் ஆவதில்லை.

விசாரணை எப்படி நடக்கிறது? கல் சில்லால் இறைச்சியை அறுத்தால் எலும்பில் குறுகலான, ஆழமான, ஆங்கில ‘வி’ எழுத்து வடிவக் கீறல் விழும். அதன் உள்ளே, கல்லின் விளிம்பில் உள்ள நுண்ணிய பிசிறுகள் இழுத்த இணைகோடுகள் தெரியும். மாமிசம் தின்னும் விலங்கின் பல் அகலமான, அடி வளைந்த பள்ளத்தைப் போடும். மணலில் கிடக்கும் எலும்பை மாடு மிதித்தால் மேலோட்டமான கீறல்கள் பல திசைகளில் ஓடும். பச்சை எலும்பு உடைந்தால் முறிவு சுருள்போல் வளைந்து வரும்; காய்ந்த எலும்பு உளுத்த மரம்போல் குறுக்கே முறியும். 1981-ல் பேட் ஷிப்மன் முதலிய ஆய்வாளர்கள், ஆப்பிரிக்காவின் ஓல்டுவாய் எலும்புகளிலிருந்து அச்செடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இந்த வேறுபாடுகளைக் காட்டினார்கள். சில எலும்புகளில் பல் தடமும் கல் தடமும் சேர்ந்தே இருந்தன. யார் முதலில் வந்தார்கள், விலங்கா மனிதனா என்ற வாதம் வெகுகாலம் நடந்தது.

2016-ல் சண்டிகருக்கு அருகே, சிவாலிக் குன்றுகளில் உள்ள மாசோல் என்ற இடத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. 26 லட்சம் ஆண்டுப் பழமையான விலங்கெலும்புகளில் கற்கருவியின் வெட்டுத் தடங்கள் இருப்பதாக இந்திய – பிரெஞ்சுக் குழு ஒன்று அறிவித்தது. உண்மையானால் ஆசியாவின் மனித வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும். நம் நாட்டுக்குப் பெருமை என்று பலர் மகிழ்ந்தார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த எலும்புகள் நிலத்தின் மேற்பரப்பில் பொறுக்கப்பட்டவை. தோண்டிய அடுக்கிலேயே கருவியும் எலும்பும் சேர்ந்து கிடைக்கும் வரை காத்திருப்பதே முறை என்பேன். எத்தியோப்பியாவின் டிக்கிகாவில் 34 லட்சம் ஆண்டுப் பழைய வெட்டுத் தடங்கள் என்று 2010-ல் சொன்னபோதும், மிதிபட்ட தடமாக இருக்கலாம், முதலைப் பல்லாக இருக்கலாம் என்று மறுப்புகள் எழுந்தன. ஆப்பிரிக்காவுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது.

இவ்வளவு சந்தேகப்பட்டால் எதையுமே சொல்ல முடியாதே என்று உங்களில் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. சொல்லலாம். கடல் தாண்டி இலங்கைக்குப் போவோம். தென்மேற்கு இலங்கையின் மழைக்காட்டில் பாகியன்கல என்ற பெருங்குகை இருக்கிறது. அதில் தோண்டி எடுத்த பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட எலும்பு, பல் துண்டுகளை ஓஷன் வெடகே என்ற இலங்கை ஆய்வாளரின் குழு ஒவ்வொன்றாகப் பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டது. பெரும்பகுதி குரங்குகளும் மர அணில்களும். மானும் பன்றியும் மிகக் குறைவு. பல துண்டுகளில் வெட்டுத் தடமும் தீயில் கருகிய அடையாளமும் இருந்தன. விலங்குகள் கொறித்ததற்கான அறிகுறி அரிது. விசாரணையில் மனிதன் இங்கே ஐயத்துக்கு இடமின்றிச் சிக்கிக்கொண்டான்! காலம் 45,000 ஆண்டுகளுக்கு முன். குரங்கின் எலும்பிலேயே முனை செய்து, அதைக்கொண்டு குரங்கை வேட்டையாடியிருக்கிறார்கள். 2020-ல் வந்த ஆய்வில் 130 எலும்பு முனைகள் விவரிக்கப்பட்டன. மிகப் பழையவை 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. கொல்லப்பட்ட குரங்குகளில் பெரும்பாலானவை வளர்ந்தவை. குட்டிகளை வாரிக்கொண்டு போகவில்லை. அந்த வேட்டை பல்லாயிரம் ஆண்டுகள் தொடர்ந்தும் குரங்கினம் அங்கே அழிந்துவிடவில்லை. பில்லசர்கம் எலும்புகளை மறுபடி ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட கட்டுரையும் இதை ஒட்டியே பேசுகிறது. இரண்டு லட்சம் ஆண்டுகளில், இனங்காண முடிந்த 21 பாலூட்டி வகைகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் நீடித்திருக்கின்றன. இதைக் கேட்டு, நம் முன்னோர் அகிம்சாமூர்த்திகள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்! நேர்த்தந்த யானை, இந்திய நீர்யானை போன்ற பேருருவங்கள் இந்த மண்ணிலிருந்து மறைந்திருக்கின்றன. அதில் மனிதனுக்குப் பங்கு உண்டு என்று 2021-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பிறவிக் கொலைகாரனும் இல்லை, பிறவிச் சாதுவும் இல்லை. இடத்துக்கும் காலத்துக்கும் தக்கபடி நடந்திருக்கிறான். ஆர்ட்ரேயின் புத்தகத்தைப் போல ஒரே வரியில் சொல்ல முடியாது என்பதுதான் சங்கடம்.

இலங்கைக்காரர்களுக்கு இது எப்படிச் சாத்தியமாயிற்று? அணிலின் கால் எலும்பு தீக்குச்சியைவிடப் பெரிதா என்ன? தோண்டிய மண்ணைச் சல்லடையில் சலித்து, விரல்நக அளவுத் துண்டைக்கூட எறியாமல், எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்து வைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து ஆராய்ந்தார்கள். சலிக்காமல் விட்டிருந்தால் மானும் பன்றியும் மட்டுமே கண்ணில் பட்டிருக்கும். பாடப்புத்தகத்தில் பெரிய விலங்கைத் துரத்தும் ஈட்டி வீரனின் படத்தை மறுபடியும் போட்டிருப்போம்.

நம் ஊரில் அகழாய்வு என்றால் தங்கம் உண்டா, எழுத்து உண்டா, எத்தனை ஆண்டுப் பழமை என்று மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறோம். கீழடி அறிக்கை 2019-ல் வந்தபோது பானை எழுத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. அதே அறிக்கையில் எழுபது எலும்புத் துண்டுகளைப் பற்றியும் இருந்தது. புனே டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்து பசு, எருமை, செம்மறி, வெள்ளாடு, நீலான், வெளிமான், காட்டுப்பன்றி, மயில் என்று இனங்கண்டார்கள். பாதிக்கு மேல் வீட்டு விலங்குகள். கீழடி ஆதி மனிதனின் காலம் அல்ல. ஆனால் எலும்பைப் படிக்கும் முறை ஒன்றுதான். அந்த மக்கள் மாட்டை உழுதபின் அறுத்தார்களா, பாலுக்காக வைத்திருந்தார்களா, வெளிமான் எங்கே மேய்ந்தது என்றெல்லாம் பானை ஓடு சொல்லாது. எழுபது துண்டுகளை ஆராய வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்ப வேண்டியிருந்தது என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எலும்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒருவராவது வேண்டாமா? அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? உங்களிடமிருந்துதான்.

அதற்கு நமீப் பாலைவனம் வரை போக வேண்டாம். அடுத்த ஞாயிறன்று வீட்டில் சாப்பிட்ட ஆட்டெலும்பில் நாலு துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுங்கள். ஒன்றில் கத்தியால் கீறுங்கள். இன்னொன்றில் கூரான கல் சில்லால் கீறுங்கள். சில்லைப் பெரியவர் ஒருவர் உடைத்துத் தரட்டும், கண்ணில் தெறிக்கும். மூன்றாவதை, ஆட்கள் நடக்கும் மணல் பாதையில் ஒரு மாதம் போட்டு வையுங்கள். நாலாவது நாய்க்கு. அது தின்றுமுடித்து விலகிப்போன பிறகு எடுங்கள், கையிலிருந்து பிடுங்காதீர்கள். அதையும் மறுபடி கொதிக்கவைக்க வேண்டும். பிறகு பள்ளி ஆய்வுக்கூடத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் நான்கையும் வைத்துப் படம் வரையுங்கள். துண்டின் பின்புறத்தில் எண்ணை எழுதி, எது எது என்ற பட்டியலை மறைத்துவிட்டு, நண்பரிடம் கொடுத்து “உடைத்தது யார்?” என்று கேளுங்கள்.

நானும் செய்து பார்த்தேன். கத்தியையும் கல்லையும் எளிதில் கண்டுபிடித்தேன். மணலில் மிதிபட்ட துண்டில் ஒரு கீறலை, கல் சில்லின் கீறல் என்றே அடித்துச் சொன்னேன். நாய்க்குப் போட்ட துண்டைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியவில்லை. அது மேல்முனைத் துண்டு. திரும்பி வரவே இல்லை.